கொம்பு இடம் மாறாத ஈ-ரீடர்

ரொம்ப நாளா பதிவு போடலை. தீசிஸ் ஒரு சாக்கு, சோம்பேறித்தனம்தான் நிஜம். ஈ-ரீடர் வாங்கின கதையைச் சொல்லிட்டு ஓடிடறேன்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல அப்பா ஒரே கேள்விதான் கேப்பார். "என்ன படிச்சே?" பாடப்புத்தகத்தைப் பத்திக் கேக்கலை, தமிழ்ல என்ன படிச்சேன்னு. ஹ்விடோவ்ரேக்கு வந்து 14 மாசம். ஒரு தமிழ்ப் புத்தகம்கூட முழுசா முடிக்கலை. எப்பவோ படிச்சதை நேத்து படிச்ச மாதிரி சொல்லி ஒப்பேத்திட்டு இருந்தேன். போன்ல படிக்க ஆரம்பிச்சா மூணாவது பக்கத்துல வாட்ஸப் வந்துடும். ஊர்லேர்ந்து பார்சல் வரவழைக்கலாம்னா 2021 ஜூலைக்கு அப்புறம் வெளிநாட்டுக் கடையில வாங்கற பார்சல் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பொதுவா வரி உண்டு. டென்மார்க்ல அது பொதுவா 25 சதவீதம். மேல கையாளும் கட்டணம் வேற. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, ஈ-ரீடர் வாங்கிடலாம்னு இறங்கினா ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு பட்டியல். கலர் திரை, தண்ணி புகாது, 32 ஜிபி, பேனா. தமிழ் ஒழுங்கா தெரியுமான்னு மட்டும் ஒருத்தரும் அச்சடிக்கலை!

இதுல நான் ஏற்கனவே சூடு கண்ட பூனை. போன வருஷம் சீனியர் ஒருத்தர் தூக்கிப் போட இருந்த பழைய ரீடரை வாங்கி ஆசையாத் திறந்தா, "கொஞ்சம்"ங்கிற வார்த்தையில ககரத்துக்கு முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்குது. யூனிகோட்ல எழுத்து சேமிக்கிற வரிசை வேற, கண்ணுக்குக் காட்ட வேண்டிய வரிசை வேற. அதைத் திருப்பி அடுக்கற மென்பொருள் உள்ள இல்லைன்னா இப்படித்தான். கிண்டில் 2007லயே வந்துடுச்சு, ஆனா தமிழ்ப் புத்தகக் கடையை அமேசான் திறந்தது 2016 டிசம்பர்ல. நடுவுல 2013ல ஆரம்பிச்ச ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்காரங்க ஈபப், மோபியோட 6 இன்ச் பிடிஎஃபும் சேர்த்துப் போட்டாங்க. பிடிஎஃப்ல எழுத்து உடையாது இல்லையா? புண்ணியவான்கள்.

அதனால என் முதல் கேள்வி கொம்பு. வகுப்புல ஒரு டேனிஷ் பையன்கிட்ட கோபோ லிப்ரா 2 இருந்துச்சு. அவன்கிட்ட கேட்டு அதுல கோரீடர்ங்கிற இலவச மென்பொருளையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் போட்டு, கொ, கோ, கௌ, ஸ்ரீ எல்லாம் நிறைய வர்ற ஒரு பக்கத்தைத் திறந்தேன். கொம்பு அசையலை. அவனுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா நான் குதிச்சதைப் பாத்து அவனும் சிரிச்சான்.

ரெண்டாவது, ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி. சாதா கிண்டில் 2022 வரைக்கும் 167 புள்ளிதான். இங்கிலீஷுக்கு அது ஓடும். நமக்கு ஒ-வும் ஓ-வும், கி-யும் கீ-யும் ஒரு சின்னச் சுழியிலதானே பிரியுது? எழுத்தைச் சின்னதாக்கினா சுழி கரைஞ்சிடும்.

மூணாவதை ஊர்ல இருந்திருந்தா ஆடம்பரம்னு சொல்லியிருப்பேன். பக்கம் திருப்ப நிஜ பட்டன். டிசம்பர்ல இங்க சாயங்காலம் மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும். எஸ்-ரயிலுக்காக பிளாட்பாரத்துல நிக்கும்போது கையுறையைக் கழட்டினா விரல் மரத்துடும், கழட்டலைன்னா தொடுதிரை நம்மளை மனுஷனாவே மதிக்காது. அந்த இருட்டுல திரைக்குள்ள விளக்கும் வேணும். ஆக, பட்டனும் விளக்கும் கட்டாயம்.

அகராதி? அழுத்திப் பிடிச்சா அர்த்தம் வரும்னு பெரிசா சொல்றாங்க. "மரத்தடியிலிருந்து"ன்னு அழுத்தினா அது "மரம்"னு பிரிச்சுப் பாக்கணுமே. நம்ம வேற்றுமை உருபெல்லாம் அதுக்கு எங்க தெரியும்! அடிச்சாச்சு. இடமும் அப்படித்தான். ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூணு பைட். லட்சம் வார்த்தை நாவலே சில எம்பி தாண்டாது. 8 ஜிபியே ஒரு ஜென்மத்துக்குப் போதும்.

கிண்டிலை விட்டதுல வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கு எழுதறவங்க புத்தகம் நிறைய அந்தக் கடையிலதான் இருக்கு. ஆனா 2025 பிப்ரவரியோட, வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கற வசதியை எடுத்துட்டாங்க. காசு குடுத்தும் அலமாரி அவங்களோடதுன்னா எனக்கு ஒப்பலை. அந்த எழுத்தாளர்களை மட்டும் போன்லயே படிச்சுக்கறேன், வாட்ஸப்போட மல்லுக்கட்டி.

கடைசியில செகண்ட்ஹேண்ட்ல அதே லிப்ரா 2, 600 க்ரோனர். நான் வேணாம்னு ஒதுக்கின 32 ஜிபியும் தண்ணி காப்பும் தானா தலையில வந்து விழுந்துச்சு. மதுரைத் திட்டத்துலேர்ந்து பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இறக்கிப் போட்டேன்.

போன ஞாயிறு அப்பா வழக்கம்போல கேட்டார். "பொன்னியின் செல்வன், ரெண்டாம் பாகம்"னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் வாத்தியார் மாதிரி, "வந்தியத்தேவன் இப்ப எங்க இருக்கான்?"

"கோடிக்கரையில, இலங்கைக்குப் படகு தேடிக்கிட்டு இருக்கான்பா."