மணக்காத வாயுவும் ஒரு மெல்லிய மூக்கும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மார்கழி இரவு என்றால் சும்மா இல்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். பனிக்காலத்தில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ டி-ஷர்ட்டோடு வந்து இறங்கியவருக்கு ஒரு கம்பளி போதாது. ஜன்னலை இறுக்கிச் சாத்துவார். கதவிடுக்கில் துணியைச் செருகுவார். அப்புறம் வெளியே கோழி வாட்டிய கரி அடுப்பின் மேல் கண் போகும். "புகைதான் அடங்கிடுச்சே, உள்ளே கொண்டு வந்து வைப்போம், கதகதப்பா இருக்கும்!"

ஆபத்து அந்த "புகை அடங்கிடுச்சே"யில்தான் இருக்கிறது. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து வெளியே ஓடிவிடலாம். புகையில்லாமல் கனன்று கொண்டிருக்கும் கரியிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, எரிச்சலும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு தூக்கம்... அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த திருச்சி இளைஞர்கள் இருவர், அறைக்குள் கரி அடுப்பு இருந்த நிலையில் தூக்கத்திலேயே இறந்து போனார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்ற மலையூரில், விடுதி அறைக்குள் வைத்த கேஸ் ஹீட்டரால் கேரளத்தைச் சேர்ந்த 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்.

மனித மூக்குக்குத் தெரியாததை வேறொரு மூக்குதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மூக்குகளில் ஒன்று உலோக ஆக்சைடுப் படலம்.

எப்படி மோப்பம் பிடிக்கிறது?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயத்தின் ஆக்சைடுதான் இந்தக் கதையின் நாயகன். டின் ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேற்பரப்பில் வந்து உட்காரும். சும்மா உட்காராது; ஆக்சைடிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டுதான் உட்காரும். எலக்ட்ரான் குறைந்தால் மின்தடை ஏறும். இப்போது கார்பன் மோனாக்சைடு வந்தால், உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். பிடுங்கப்பட்ட எலக்ட்ரான் திரும்பக் கிடைக்கும், மின்தடை இறங்கும். ஒரு சாதாரண மின்சுற்றால் அளந்துவிடக்கூடிய மாற்றம்!

இந்த யோசனை ஜப்பானில் பிறந்தது. 1962ல் க்யூஷு பல்கலைக்கழகத்தின் செய்யாமா குழு துத்தநாக ஆக்சைடு படலத்தை வைத்து வாயுவை உணர முடியும் என்று காட்டியது. அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி டின் ஆக்சைடை வைத்துக் கருவி செய்தார். வீடுகளில் சமையல் கேஸ் கசிந்து வெடித்துக் கொண்டிருந்த காலம் அது. 1968ல் ஃபிகாரோ நிறுவனம் அந்த உணரியை விற்கத் தொடங்கியது. இன்று சென்னை ரிச்சி தெருவில் பிராஜெக்ட் செய்யும் மாணவர்கள் வாங்கும் எம்க்யூ வகை உணரிகளும் இதே குடும்பம்தான்.

ஏன் இவ்வளவு மெல்லிசு?

எலக்ட்ரான் பறிபோவது முழு ஆக்சைடுக்குள்ளும் நடப்பதில்லை. டின் ஆக்சைடில் மேற்பரப்பிலிருந்து சுமார் 3 நானோமீட்டர் ஆழம் வரைதான் அதன் பாதிப்பு. ஒரு தாளின் தடிமன் சுமார் 1,00,000 நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இடைவெளியில்லாத 500 நானோமீட்டர் படலத்தில் தோல் மட்டும்தான் வாயுவை உணரும். உள்ளே இருக்கும் மீதியெல்லாம் எதுவும் நடக்காதது போல மின்சாரத்தைக் கடத்திக் கொண்டிருக்கும். சில நானோமீட்டர் படலத்தில் 'உள்ளே' என்றே ஒன்று கிடையாது, முழுக்கத் தோல்தான். 1991ல் அதே க்யூஷு பல்கலைக்கழகத்தில் யமசோயே குழு, டின் ஆக்சைடின் மணிகள் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது உணர்திறன் சட்டென்று எகிறுவதைக் காட்டியது. இரு பக்கமும் மும்மூன்று நானோமீட்டர்... கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

ஆனால் மெல்லிய படலத்தை வளர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. நம் கல்லூரிகளில் பரவலாக இருப்பது தெளிப்பு முறை. டின் குளோரைடு கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டின் மேல் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளிப்பார்கள். செலவு குறைவு. ஆனால் மிக மெல்லியதாக நிறுத்தப் பார்த்தால், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் போல, பரவாமல் தனித்தனித் தீவுகளாக நிற்கும். தீவுகளுக்கு நடுவே மின்சாரம் போகாது.

இதற்கு நல்ல வழி அணு அடுக்குப் படிவு. 1974ல் பின்லாந்தின் தூமோ சுந்தோலா உருவாக்கி, 2018ல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பெற்ற முறை. கல்யாணப் பந்தி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் உலோகம் கொண்ட ஆவியை உள்ளே விடுவார்கள். தகட்டின் மேல் இருக்கும் இடங்களில் எல்லாம் அது உட்காரும். இடம் நிறைந்ததும் மீதி வந்தவர்களுக்கு இலை கிடையாது! நைட்ரஜன் வாயு அவர்களை வெளியே அனுப்பிவிடும். அடுத்து நீராவி வந்து அந்த உலோகத்தை ஆக்சைடாக மாற்றும். இத்தோடு ஒரு சுற்று முடிந்தது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். ஆக, 10 நானோமீட்டர் படலத்துக்குச் சுமார் 100 பந்தி. பொறுமை வேண்டும்.

வளர்த்தபின் அது என்னவென்று பார்க்க வேண்டும். எக்ஸ் கதிரைச் சாய்வாக விட்டுப் படிகத்தையும் மணியின் அளவையும் பார்ப்பார்கள். அணு விசை நுண்ணோக்கியின் ஊசி மேடு பள்ளத்தைத் தடவிச் சொல்லும். கடைசியில் ஒரு சின்ன அறைக்குள் வைத்து, அளந்த வாயுவைச் செலுத்தி, மின்தடை எவ்வளவு, எத்தனை நொடியில் மாறுகிறது, வாயுவை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று குறிப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் டின் ஆக்சைடு படலத்தால் ஹைட்ரஜன் உணரி செய்தார்கள். அங்கே அணு உலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். அதில் தண்ணீர் கசிந்தால் ஹைட்ரஜன் கிளம்பும், அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். தஞ்சாவூர் சாஸ்த்ராவில் துத்தநாக ஆக்சைடு படலங்களை வைத்து அம்மோனியா போன்றவற்றை உணரும் ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன.

நாயுடுபுரத்துப் பரீட்சை

சரி, இந்தப் படலத்தை அந்த மார்கழி இரவுக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்?

முதல் சிக்கல் மூடுபனி. நீராவியும் டின் ஆக்சைடின் மேற்பரப்பில் வந்து உட்காரும். ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடிக்கும், மின்தடையையும் இறக்கும். அதாவது வாயுவே இல்லாமல் "வாயு வந்துவிட்டது" என்று கத்த வைக்கும். வாயு வரும்போதோ மறுமொழியைக் குறைத்துவிடும். இரண்டு பக்கமும் இடி. நான்கு முறை பொய்யாகக் கத்திய கருவியை ஐந்தாம் முறை யார் நம்புவார்கள்? பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, ஆக்ஸிஜனும் அப்படியே. படலத்தின் தொடக்க மின்தடையே மாறும். தூங்குகிறவரின் உடம்புக்கும் அதே குறைவான ஆக்ஸிஜன்தான்.

மூன்றாவது, ஆள் அடையாளம். டின் ஆக்சைடு கார்பன் மோனாக்சைடுக்கும் மயங்கும், சமையல் கேஸுக்கும் மயங்கும், சாராய வாடைக்கும் மயங்கும்.

மெல்லிய படலத்தின் பெருமை எதுவோ அதுதான் அதன் தொல்லையும். எல்லாமே தோல் என்பதால் எல்லாமே உறைக்கிறது! எனவே உணர்திறனை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. பல்லேடியத்தைச் சிறிதளவு சேர்த்தால் ஈரத்தின் தொல்லை குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். எம்க்யூ-7 உணரி 60 நொடி அதிகச் சூட்டில் தன் மேற்பரப்பைச் சுத்தம் செய்துகொண்டு, 90 நொடி குறைந்த சூட்டில் கார்பன் மோனாக்சைடைப் பார்க்கிறது. இன்று கடையில் விற்கும் வீட்டு அலாரங்களில் பெரும்பாலானவை மின்வேதியியல் வகை என்பதற்கும், சூடு தேவையில்லை, மின்சாரம் குறைவு என்பதோடு இந்த ஆள் அடையாளச் சிக்கலும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடத்தில் சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த காற்றில் நல்ல மதிப்பெண் வாங்கும் படலங்கள் ஏராளம். பிராஜெக்ட் செய்கிறவர்கள் அதோடு நிறுத்தாமல், ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு ஏற்றி ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். வரைபடம் அசிங்கமாகத்தான் வரும். பரவாயில்லை, அதையும் ரிப்போர்ட்டில் போடுங்கள். அந்த அறையில் தூங்குகிறவருக்கு வேண்டிய வரைபடம் அதுதான்.

அதுவரை, இந்த லீவில் கொடைக்கானல் போகிற நண்பர்களே... கரி அடுப்பை, அணைந்தது போலத் தெரிந்தாலும், அறைக்குள் கொண்டு வராதீர்கள். குளிர்கிறதா, இன்னொரு கம்பளி கேளுங்கள். அறையில் ஒன்றுக்கு இரண்டு பேராகத் தலைவலிக்கிறது என்றால் குளிர் என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டு வந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.