சக்கரத்தின் மேல் ஒரு வீடு

சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் வேலை செய்யும் எமக்கு இரவுத் தங்கல்தான் எப்போதும் தலையிடி. மாலை பஸ் போய்விட்டால், லயன் வீடொன்றின் ஒரே அறையில் அவர்களுக்கு இடைஞ்சலாகப் படுக்க வேண்டும். இவ்வருடம் எமது நிலையத்துக்குப் படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே அமைந்த வாகனமொன்று கிடைத்தது. வேலைக்கு முன் அதில் வாழப் பழகுவோமென்று, பெண்கள் நால்வர் உடவளவைத் தேசியப் பூங்காவை ஒட்டிய முகாம் நிலமொன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மடுல்ல, காவத்தை, கொடகவெல என்று இறங்க இறங்கத் தேயிலையும் இறப்பரும் குறைந்து காற்று சூடாகிறது. எம்முடன் வந்த கிளிநொச்சி அக்கா காவத்தையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். 1977 வன்செயலின்போது அவருடைய பெற்றோர் இப்பக்கத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்கு ஓடியவர்கள். அவர் இறங்கவில்லை. மலையைப் பார்த்துவிட்டு, "சரி, போவோம் தங்கச்சி" என்றார்.

முகாம் நிலம் சரிவானது. வண்டி சாய்ந்து நின்றால் படுக்கவும் முடியாது, கழுவும் தொட்டியில் தண்ணீரும் வடியாது. தோட்டத்திலிருந்து வந்த அக்கா தட்டொன்றில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துப் பார்த்து, சில்லுகளுக்கு அடியில் நான்கு தட்டைக் கற்களைக் கொடுத்துச் சமப்படுத்தினார். ஜன்னலைத் திறந்துவைத்தே சமைத்தோம்; படுக்குமுன் எரிவாயு சிலிண்டரை மூடினோம். பழத்தோல், மிச்சச் சோறு எதையும் வெளியே போடவில்லை. யானைக்கு மோப்பம் அதிகம். உப்புக்கும் அரிசிக்கும் வீட்டுச் சுவரையே உடைக்கும்.

'முகாம்' என்றால் எமது சகோதரிகள் பலருக்கு 2009 செட்டிகுளம்தான் நினைவுக்கு வரும். கிளிநொச்சி அக்காவும் அங்கே இருந்தவர். தறப்பாளுக்குக் கதவு ஏது? இரவில் மலசலகூடத்துக்குப் போக யாரையாவது துணைக்கு எழுப்ப வேண்டும். இங்கே அவர் முதலில் பார்த்தது மெத்தையை அல்ல, கதவின் உள்தாழ்ப்பாளை. மூன்று முறை போட்டுத் திறந்து பார்த்தார். வண்டி லயன் அறையை விடச் சிறியது. ஆனாலும் பெண்ணுக்கு வீடு என்பது உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இடமிழந்த விலங்குகளுக்காகவே, 1972 ஜூன் 30ஆம் திகதி இப்பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு 30,821 ஹெக்டேயர். இதைச் சொன்னதும் அக்கா, "ஆனைக்கு மாத்துக் காணி குடுத்திருக்காங்க, நல்லதுதான்" என்றார். எவரும் பதில் பேசவில்லை.

மறுநாள் யானைகள் இடைத்தங்கல் நிலையத்துக்குப் போனோம். வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கொடுத்து வளர்த்து, பின்னர் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். மனிதரோடு பழகிவிடக் கூடாதென்பதால் தூரத்தில் நின்றுதான் பார்க்கலாம். தெருவோர மின்வேலியருகே பழத்துக்காகக் காத்து நிற்கும் பெரிய யானைகளைப் பார்த்த பின், அந்தக் கண்டிப்பு சரியென்றே பட்டது.

இரண்டாம் இரவு அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார். அடுத்த பயணம் இறக்குவானைத் தோட்டங்களுக்கு. நான்கு கற்களையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டோம், அங்கேயும் சரிவுதான்.