ஏணி வைக்கத் தெரியுமா?

மார்கழி முடியப்போகுது. எல்லார் வீட்டிலும் ஒட்டடை அடிப்பார்கள், வெள்ளை அடிப்பார்கள், பரணில் கிடக்கும் பித்தளைப் பானையை இறக்குவார்கள். பெரும்பாலும் இதெல்லாம் நம்ம அம்மாக்கள் வேலைதான். எதில் ஏறிச் செய்கிறார்கள்? பிளாஸ்டிக் சேர்! அது எட்டலைன்னா கட்டில் மேலே ஸ்டூல்!

போன பொங்கலுக்கு முன்னாடி எங்க சித்தி அப்படித்தான் ஏறினாங்க. சேர் கால் விரிந்து, கையை ஊன்றி விழுந்தாங்க. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சித்தி பூ கட்டி விற்கிறவங்க. ஆறு வாரமும் ஒரு முழம்கூட கட்ட முடியலை. அந்த வருஷம் பொங்கல் வைத்தது சித்தப்பாதான். (பால் பொங்கி அடுப்பே அணைந்துபோச்சு, அது வேற கதை.)

எங்க மாமா பெயிண்டர். இந்த வருஷம் அவரோட அலுமினிய மடக்கு ஏணியை எங்க வீட்டில் கொண்டுவந்து வைத்து, எனக்கும் அம்மாவுக்கும் சொல்லித் தந்தார். கால்களை முழுசா விரிக்கணும். நடுவில் இருக்கும் கம்பி வளையாமல் நேராக நிற்கணும். மடக்கினபடியே சுவரில் சாய்த்து ஏறவே கூடாது. நாலு காலும் தரையில் படணும். உச்சிப் படியில் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் எக்காமல், இறங்கி ஏணியை நகர்த்திட்டு மறுபடி ஏறணும். வாசலில் சர்வீஸ் ஒயர் போகிற பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டே போகக் கூடாதாம்.

மாடிக்குச் சாய்க்கிற மூங்கில் ஏணிக்கு வேற கணக்கு. நாலுக்கு ஒன்று. 8 அடி உயரத்தில் ஏணி சுவரைத் தொட்டால், கால் 2 அடி தள்ளி இருக்கணும். நான் உடனே கணக்கு நோட்டைக் காட்டினேன். பிதாகரஸ் கணக்கில் 10 அடி ஏணி, சுவரிலிருந்து கால் 6 அடி, உயரம் 8 அடி. மாமா சிரித்தார். "விடை சரிதான் பாப்பா. ஆனா அதுல ஏறினவன் சறுக்கிட்டு வந்திருப்பான்" என்றார். கணக்கு டீச்சர் கோவிச்சுக்காதீங்க!

ஏணியைப் பிடிக்கிறது சும்மா நிற்கிற வேலைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. ரெண்டு கையாலும் பிடிக்கணும், ஏறினவர் இறங்கும்வரை விடக்கூடாது. செல்போன் வந்தா அடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் ஒட்டடை. அம்மா ஏறுறாங்க, நான் பிடிக்கிறேன். ஏணி வேணும்னா மாமாகிட்ட கேட்டு வாங்கித் தர்றேன். ஆனா அன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேலதான்.