கொள்ளும் கடிவாளமும்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும்" என்று குதிரையைப் பற்றி நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். வேலைக்குப் பின்வாங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் முந்திக்கொள்ளும் ஆசாமிகளை இடித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டது. அந்த ஆசாமிகளுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் குதிரையைப் பொறுத்தவரையில் அது பெரிய அநியாயம் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் என்னைச் சேர்த்தவர் எங்கள் தெருக்கோடியில் லாயம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையிலிருந்து அவர் ஒரு குதிரைக்குட்டியை வாங்கி வந்தார். இரண்டு வயது, செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காதருகே கை போனால் போதும், தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும். யாரோ காதை முறுக்கிப் பிடித்துக் கயிறு மாட்டியிருக்க வேண்டும் என்றார் பெரியவர்.

கால்களையும் தொட விடாது. கவலை அதுதான். குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். காலைக் கொடுக்காத குதிரைக்குக் குளம்பு வெடிக்கும், பிறகு நொண்டும். நொண்டிக் குதிரையை வைத்துத் தீனி போடுகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

பெரியவர் சவாரியைப் பற்றிப் பேசவே இல்லை. "முதுகெலும்பு முத்த இன்னும் வருஷம் கிடக்குதுங்க. இப்போ தரையில நின்னு படிக்கிற பாடந்தான்" என்றார்.

பாடம் விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதில் தொடங்கும். அப்புறம் புல்; அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளையில் போட வேண்டும். குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை சிறியது. வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. கொள்ளை ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றுவலியே எமனாக வந்துவிடும். பிறகு பிரஷ். கழுத்து, தோள், விலா என்று குட்டி பொறுக்கிற எல்லை வரைக்கும் போய்க் கை நிற்கும். அது மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியதும் கை விலகும். மறுநாள் அந்த எல்லை ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கும்.

கயிற்றிலும் இதே கணக்கு. லேசாக ஓர் இழுப்பு. குட்டி ஓரடி முன்னால் வைத்தால் அந்த நொடியே தளர்த்திவிடுவார். "இழுக்கறதுல அது ஒண்ணும் கத்துக்கறதில்லீங்க. விடறதுலதான் கத்துக்குது."

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன் நான். ஆசிரியத் தொழிலின் ரகசியத்தை இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருநாள் காலை வழக்கம்போல் வேலியருகே போய் நின்றேன். என் மனைவியின் வைத்தியப் பரிசோதனை முடிவு மாலையில் வரவேண்டியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை; முகத்தையும் சாதாரணமாகவே வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் என்னிடம் வந்து சட்டைப்பையை முகரும் குட்டி, அன்று பத்தடி தூரத்தில் நின்று காதுகளை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். மனசுல என்னமோ இருக்குது. குட்டிக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றார் பெரியவர்.

இது மாயமல்ல. 1904-ல் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்கிறது என்று ஊரே அதிசயப்பட்டது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்து 1907-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் இம்மியளவு அசையும். அதைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும். அதற்குக் கணக்குத் தெரியாதுதான், மனிதரைத் தெரிந்திருந்தது. எனக்கென்னவோ அதுவே பெரிய படிப்பாகத் தோன்றுகிறது.

மாலையில் நல்ல செய்தியே வந்தது. மறுநாள் குட்டி என் பையை முகர்ந்தது.

புரட்டாசிக் கடைசியில் லாடக்காரர் வந்தார். பெரியவர் முன்காலை மேலிருந்து தடவிக்கொண்டே கீழே வந்தார். கை குளம்பை எட்டுமுன் குட்டியே காலைத் தூக்கிக் கொடுத்தது.

கடிவாளம் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அதைக் கண்டு குட்டி வாயைத் திறக்குமா, மூடிக்கொள்ளுமா என்பது எடுத்து வரும் கையைப் பொறுத்தது.