வேலி பழுதுபார்க்க வந்தவர்கள்

ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்துவிட, அடுத்த நிலையமாக வரும் எங்கள் தடாவில், தமிழும் தெலுங்கும் பாதிப்பாதியாய்ப் புழங்கும் ஒரு தெருவில், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன், ஓய்வு கிடைத்த இரவுகளில் கணினித் திரையில் ஒரு யுத்தக் கைதியாக மாறிவிடுவான். அந்தக் கைதி இருட்டில் பதுங்கிப் பதுங்கிச் செல்வதையும், விளக்கொளி திரும்பும் வரையில் சுவரோரம் மூச்சடக்கி நிற்பதையும் கண்டு, "துப்பாக்கி எங்கேடா?" என்று கேட்டேன். "இதுல சுடவே முடியாது மாமா, மாட்டிக்காம போவணும், அவ்வளவுதான்" என்றான். யுத்தத்தை வைத்து விளையாட்டுச் செய்தவர்கள் அதிலிருந்து சுடுவதையே நீக்கிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தபடியால், இந்த எண்ணம் முதன்முதலில் எங்கே, யாருக்கு உதித்தது என்று தேடத் தொடங்கினேன்.

அவன் ஆடியது 2002-இல் பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'பிரிசனர் ஆஃப் வார்'. லூயிஸ் ஸ்டோன் என்னும் அமெரிக்க விமானப்படைக் கேப்டன் ஜெர்மானிய முகாம்களிலிருந்து தப்புவதே அதன் கதை. அதற்குப் பதினாறு ஆண்டு மூத்தது, டென்டன் டிசைன்ஸ் குழுவினர் 1986-இல் செய்த 'தி கிரேட் எஸ்கேப்'. அதிலே ஒரு விசித்திரம் உண்டு: ஆடுபவர் விசைகளைத் தொடாமல் சும்மா இருந்தால், கைதி தானாகவே எழுந்து ஆள்கணக்குக்குப் போய் நிற்பான், சாப்பிடப் போவான், உறங்கப் போவான், அடிமைத்தனத்தின் சுபாவத்தை இவ்வளவு சிக்கனமாக எந்த நாவலாசிரியர் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்னால், சைலஸ் வார்னர் என்னும் அமெரிக்கர் 1981-இல் இயற்றிய 'காசில் உல்ஃபென்ஸ்டைன்' வருகிறது. நாஜிக் கோட்டையில் அடைபட்ட ஒருவன் காவலர் உடுப்பை அணிந்து அவர்கள் நடுவிலேயே நடமாடும் உபாயம் அதிலேயே இருக்கிறது. 1987-இல் ஜப்பானியராகிய ஹிடியோ கொஜிமா, அக்காலத்துக் கணினியில் ஒரே சமயத்தில் பல எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட இயலாத நெருக்கடியில், சண்டை போடாமல் ஒளிந்து செல்லும் 'மெட்டல் கியர்' என்ற விளையாட்டைச் சிருஷ்டித்தார். அந்த யோசனைக்கு 'தி கிரேட் எஸ்கேப்' என்ற 1963-ஆம் ஆண்டுத் திரைப்படம் தூண்டுகோலாயிற்று.

திரைப்படத்தைத் தொட்டுவிட்டால் சரித்திரம் தூரமில்லை. அந்தப் படத்துக்கு ஆதாரமான நிகழ்ச்சியில், இன்று போலந்தில் இருக்கும் சாகன் நகரத்து ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து, 1944 மார்ச் 24-ஆம் தேதி இரவு, நூறு மீட்டருக்கு மேல் நீண்ட சுரங்கத்தின் வழியாக 76 பேர் வெளியேறினர். 73 பேர் அகப்பட்டனர். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின்படி சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மானியர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த கால்டிட்ஸ் கோட்டையோ இன்னும் பிரசித்தம். அங்கிருந்து 1942-இல் தப்பிய பாட் ரீட் புத்தகம் எழுதியதோடு நில்லாமல், 1970-களில் அதையே பலகை விளையாட்டாக ஆக்குவதிலும் பங்கெடுத்தார். கைதிகளுக்கு ரகசியமாக அனுப்பப்பட்ட பட்டுத்துணி வரைபடங்களை அச்சிட்டதும் மொனாப்பலிப் பலகைகளை விற்ற வாடிங்டன்ஸ் கம்பெனிதான் என்பதால், விளையாட்டும் தப்பித்தலும் ஆரம்பத்திலேயே ஒரே அச்சுக்கூடத்தில் சந்தித்துவிட்டன என்றே சொல்லலாம்.

இத்தோடு தேடல் முடிந்திருக்கும். ஆனால் சென்னைக்கு மின்சார ரயிலில் போய்வரும் வழக்கத்தில் கன்னிமாரா நூலகத்தில் நான் புரட்டிய புத்தகங்களுள் ஹைன்ரிஹ் ஹாரர் எழுதியது ஒன்று கைக்கு அகப்பட, காரியம் நம் நாட்டுக்கே திரும்பிவிட்டது. ஆஸ்திரிய மலையேறியாகிய ஹாரரும் மற்ற ஜெர்மானியரும் டேராடூனை அடுத்த பிரேம்நகர் முகாமில் ஆங்கிலேயரால் அடைக்கப்பட்டிருந்தனர். 1944 ஏப்ரல் 29-ஆம் தேதி, பட்டப்பகலில், இருவர் ஆங்கில அதிகாரிகளாக வேஷமிட்டு வரைபடச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே செல்ல, ஐவர் மேனியில் சாயம் பூசித் தலைப்பாகை கட்டி, ஏணியும் தார்ச்சட்டியும் முள்கம்பிச் சுருளும் சுமந்த கூலியாட்களாகப் பின்னே நடந்தார்கள். வேலியைப் பழுதுபார்க்க வந்த கூட்டமென்று எண்ணிய வாயிற்காவலர் அவர்களைத் தடுக்கவில்லை. அதிகாரிகளாக நடித்த ரோல்ஃப் மாகனரும் ஹைன்ஸ் ஹாவும் கல்கத்தா வழியாகப் பர்மா எல்லையிலிருந்த ஜப்பானியரை அடைந்தனர். அங்கே அவர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்தார்கள் என்பது வேறு கதை. ஹாரரும் பீட்டர் ஔஃப்ஷ்னைட்டரும் 1946 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தனர்.

அந்தக் காட்சியை வாசித்தபோது எனக்கு உறைத்தது அவர்களுடைய சாமர்த்தியம் அன்று. தலைப்பாகை கட்டித் தார்ச்சட்டி சுமக்கும் ஓர் இந்தியனின் முகத்தை, இந்தியாவிலேயே, ஒருவரும் ஏறெடுத்துப் பாரார் என்பதை அந்நியர் எத்தனை துல்லியமாகக் கணித்திருந்தார்கள்! இருட்டு, நிழல், சுவரோரம் முதலான எவையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் மாறான அனுபவம் கால்டிட்ஸில் இருந்த இந்தியர் பீரேந்திரநாத் மஜும்தாருக்கு வாய்த்தது. லண்டனில் பயின்று, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, 1940-இல் பிரான்சில் சிறைப்பட்ட வங்காள வைத்தியர் அவர். பெர்லினில் சுபாஷ் சந்திர போஸே நேரில் அழைத்தும் அவருடைய படையில் சேர மறுத்தார். கால்டிட்ஸுக்குத் திரும்பி வந்தபோது சக ஆங்கிலேய அதிகாரிகளில் சிலர் அவரை ஒற்றர் என்று ஐயுற்றனர். தப்பும் திட்டத்தில் தம்மையும் சேர்க்கக் கேட்டால், ஜெர்மானியத் தெருவில் உம் நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்று கைவிரித்தார்கள். காந்தியடிகளின் மார்க்கத்தில் உண்ணாவிரதம் இருந்து, இந்தியக் கைதிகள் வாழ்ந்த பிரெஞ்சு முகாம் ஒன்றுக்கு மாற்றம் பெற்ற அவர், அங்கிருந்து தப்பி, மற்றோர் இந்தியருடன் பல வாரங்கள் நடந்து 1943-இல் சுவிட்சர்லாந்து சேர்ந்தார். எந்த நிறத்தைத் தடையென்று சொன்னார்களோ அந்த நிறத்தோடேதான் போனார்.

மறு ஆண்டு மே 11-ஆம் தேதி, எபினால் என்னும் பிரெஞ்சு நகரத்தில், வட ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் அடைக்கப்பட்டிருந்த முகாமின்மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. கைதிகள் பலர் மாண்டனர். மதில் உடைந்த இடத்தின் வழியே எஞ்சியவர்கள் கிழக்கும் தெற்குமாகச் சிதறினர். மொழி தெரியாது, வரைபடம் இல்லை, ஒளித்துக்கொள்ளத் தக்க முகமும் இல்லை. எட்டோபோன் போன்ற கிராமங்களின் குடியானவர்கள் அவர்களுக்கு ரொட்டி கொடுத்து, படுக்க வைக்கோல் காட்டி, எல்லைக்கு வழியும் சொன்னார்கள். ஏறக்குறைய 500 பேர் சுவிட்சர்லாந்தை எட்டினர். சாகன் சுரங்கத்தில் புறப்பட்டவர்களைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். என் மருமகனின் விளையாட்டில் கைதிகள் ஒருவருக்கொருவர் பொருள் கொடுக்க முகாம் நாணயம் கேட்கிறார்கள். எபினாலை வைத்து விளையாட்டுச் செய்ய யாராவது துணிந்தால், விலை வாங்காத அந்த ரொட்டியை எந்த விசையில் வைப்பது என்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.