முத்து நகரில் ஒரு வலை ஊஞ்சல்

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முத்தா, உப்பா, மக்ரூனா? என் நாத்தனார் மகளுக்கு ஞாபகம் வந்தது மீன் வலை! "அத்தை, அங்கே வலை பின்னுற நூலிலேயே ஊஞ்சல் பின்னித் தருவாங்களாம். எடையே இருக்காது. சுருட்டிப் பையில் போட்டுக்கிட்டு எங்கே வேணும்னாலும் கட்டிக்கலாம். பாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு வாங்கணும்" என்றாள். பாப்பாவுக்கு மூன்று மாதம்.

சென்னை எழும்பூரில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். எங்கள் பெட்டியிலேயே ஒரு அம்மாள் மேல் பெர்த்துக் கம்பியில் பழைய நூல் புடவையைக் கட்டித் தூளியாக்கி, பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நம் பெண்களுக்கு இந்தத் தொங்கும் படுக்கை ஒன்றும் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடுதான். அதில் பெரும் பங்கு இந்தச் சீமையினுடையது.

குளித்துவிட்டு முதலில் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். இப்போதுள்ள கோயில் 1713-ல் எழுந்தது. ஆகஸ்ட் 5-ந் தேதி திருவிழாவுக்குச் சாதி, மத பேதமில்லாமல் ஊரே கூடுமாம். கடற்கரைப் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியர் துணையை நாடி மதம் மாறியதும், 1542-ல் சவேரியார் வந்ததும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். போர்த்துக்கீசிய மொழியில் 'ரெடே' என்றால் வலை. அதே மொழி பேசும் பிரேஸில் நாட்டில் தொங்குபடுக்கைக்கும் 'ரெடே' என்றுதான் பெயர்! 1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது அங்குள்ள ஜனங்கள் மரத்துக்கு மரம் வலை கட்டித் தூங்குவதைப் பார்த்தாராம். அவர்கள் சொன்ன 'அமாகா'தான் 'ஹாமக்' ஆயிற்று. ஆடுகிற கப்பலில் கட்டிலை விட இது சௌகரியம், இடமும் அடைக்காது. அதனால் மாலுமிகள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன ஊர் இது. இங்கே வலையும் கயிறும் நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

கடற்கரையில் வள்ளங்கள் கரையேற்றியிருந்த இடத்தில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கையை நிறுத்தாமலே கேட்டார்: "யாருக்கும்மா கேக்கீய? பெரியவங்களுக்கா, பிள்ளைக்கா?"

"ரெண்டு பேருக்கும் வேணும், தாத்தா."

"பெரியவங்களுக்குன்னா பின்னித் தாறேன். கைப்பிள்ளைக்குன்னா பின்ன மாட்டேன். வலைக்கண்ணு எதுக்கும்மா இருக்கு? உள்ள போனது வெளிய வராம இருக்கதுக்குத்தானே? பிள்ளை விரலு போகும், காலு போகும். வேண்டாம்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. என் மாமியார் வேறு, "நாங்க அஞ்சு பிள்ளையையும் தூளியிலேதானே வளர்த்தோம்? என்ன ஆயிடுச்சு?" என்று கிளம்பிவிட்டார். எனக்கென்னவோ பெரியவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அந்த நாளில் ஒரு தூளியைச் சுற்றிப் பத்துக் கண் இருந்தது. இன்று அம்மா ஒருத்திதான்; அவளும் அடுப்படியில் இருப்பாள்.

இதில் குழந்தை வைத்தியர்கள் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்க, சமமான, உறுதியான படுக்கையில்தான் தூங்கப் போட வேண்டும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 1992-லிருந்தே மல்லாக்கப் போடச் சொல்லி வருகிறது. தொங்கும் படுக்கை வளைந்து இருக்கும். அந்த வளைவில் சின்னக் குழந்தையின் மோவாய் மார்பில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். தலையைத் தூக்கிக்கொள்ள அதற்குப் பலம் கிடையாது. அழக்கூடச் சத்தம் வராது. வலையாக இருந்தால் விரல், பொத்தான், அரைஞாண் எல்லாம் கண்ணியில் சிக்கும். முகமே வலையோடு அழுந்திவிடவும் கூடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறு ஆபத்து. தொங்கிக்கொண்டிருக்கும் தூளியில் ஏறி, முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் தூளி கட்டும் வீடுகளில்கூட, வேலை முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைத்துவிடுவது நல்லது. பிரயாணத்தில் பாப்பாவுக்குத் தரையில் விரிக்கிற கெட்டியான சின்ன மெத்தையே போதும். தலையணை வேண்டாம், கொசுவலையைத் தளர்ந்து தொங்காமல் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

ஆக, ஒன்றுதான் பின்னச் சொன்னோம், அதுவும் பெரியவர்களுக்கு. அவர் பின்னி முடிக்கும்வரை பேச்சு முத்துக் குளிப்புக்குப் போயிற்று. மார்ச் முதல் மே வரைதான் சீசனாம். நடுநிசியில் கரைக்காற்றைப் பிடித்துப் போவார்கள், மத்தியானம் கடல்காற்றில் திரும்புவார்கள். குளியாள் காலுக்கு ஒரு கனமான கல், கழுத்தில் சிப்பி பொறுக்க ஒரு வலைப் பை, இடுப்பில் கயிறு. ஏழெட்டுப் பாகம் ஆழம் போய், மூச்சு அடங்கும் நேரத்துக்குள் கிடைத்ததை வாரிக்கொண்டு கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். கயிறு பிடிப்பது பெரும்பாலும் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் என்று கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் தெரியுமா? தங்கை தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான்! சர்க்கார் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதற்குப் பின் சிப்பி குறைந்துவிட்டது. 1973-ல் இங்கேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் உட்கரு வைத்து வளர்ப்பு முத்து விளைவித்துக் காட்டினார்கள். முத்து போனாலும் கயிற்றின் மேல் உயிரை வைக்கும் வழக்கம் மட்டும் பெரியவர் பேச்சில் போகவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டு ஒவ்வொன்றையும் தன் உடம்பு கனத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.

இனி, வாங்கப் போகிற சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விவரம்.

கடையில் இரண்டு தினுசு கிடைக்கும். ஒன்று வலை, இன்னொன்று பாராசூட் துணி என்று விற்கும் மெல்லிய நைலான். வலையில் காற்று நன்றாக வரும், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சுகம். ஆனால் தங்கூசி நூலில் பின்னியது வேண்டவே வேண்டாம், உடம்பை அறுக்கும். முறுக்கு நூலில் நெருங்கிய கண்ணியாகப் பார்த்து வாங்குங்கள். கொலுசு, வளையல், தொங்கட்டான் போடுபவர்களுக்குத் துணியே மேல். ஒற்றை ஆள் துணி ஊஞ்சல் அரைக் கிலோ சுமார்தான் இருக்கும், தேங்காய் அளவுக்குச் சுருண்டுவிடும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கம்பு வைத்துத் தட்டையாக விரித்த தினுசு பார்க்க அழகு, எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் படுத்தால் குடம் கவிழ்வது போல் கவிழ்த்துவிடும். கம்பில்லாததில் கொஞ்சம் கோணலாக, மூலைக்கு மூலை படுத்தால் முதுகும் சமமாக இருக்கும்.

எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். "எவ்வளவு வேணும்னாலும் தாங்கும்" என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்!

ஊஞ்சலை விடக் கட்டுகிற சாமான் முக்கியம். சணல் கயிறு, கொடிக் கயிறு எல்லாம் கூடாது. ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு மேல். பட்டை மரத்தின் பட்டையை வெட்டாது. பாலியெஸ்டர் பட்டை நல்லது. நைலான் இழுபடும், அதுவும் பனியில் நனைந்தால் ராத்திரியில் நம்மைத் தரைக்கே இறக்கிவிடும். கொக்கி வாங்கும்போது எடை தாங்கும் அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சாவிக்கொத்துக் கொக்கி அதே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கடல்காற்றில் சாதா இரும்பு துரு பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகே வேண்டும்.

கட்டும் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. கடிகாரத்தில் சின்ன முள் மூன்றிலிருந்து நான்குக்கு எவ்வளவு இறங்குகிறதோ, பட்டை அவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும். அறுபது கிலோ உள்ள பெண் படுத்தால் அந்தச் சாய்வில் ஒவ்வொரு பக்கமும் அறுபது கிலோ இழுக்கும். "தொய்வாக இருக்கிறதே" என்று இழுத்து விறைப்பாகக் கட்டினால், மூன்றில் ஒரு பங்கு சாய்வில், அதே பெண்ணே ஒவ்வொரு பக்கமும் நூற்றெழுபது கிலோவுக்கு மேல் இழுப்பாள்! கயிறு அறுவதும் முளை பிடுங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். படுத்தால் தொய்வு இடம் நாற்காலி உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடியில் கல், வேர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்குங்கள்.

எதில் கட்டுவது? திருச்செந்தூர் சாலையில் உறவினர் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே வேம்பும் பூவரசும் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் நின்றன. அதைவிட வசதி வேண்டாம். உடைமரத்தில் முள்ளுக்குப் பயந்தே கட்ட மாட்டீர்கள். தென்னையில் கட்டினால் தேங்காயும் மட்டையும் தலைக்கு நேராக இருக்கும். பனையும் அப்படியே, காய்ந்த ஓலை விழும். ஆனால் வீட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். மொட்டை மாடியிலும் வாசலிலும் தனியாக நிற்கும் செங்கல் தூண், கைப்பிடிச் சுவர், கேட் தூண் இவற்றில் கட்டவே கூடாது. அவை மேலிருந்து வரும் கனத்தைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் அடியோடு சாய்ந்து ஆட்டுபவர் மேலேயே விழும். குழந்தைகள் இப்படி உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. ஜன்னல் கம்பியும் கூடாது. பழைய வீட்டில் ஊஞ்சல் வளையம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்; இல்லையென்றால் கொத்தனாரை வைத்துக் கான்கிரீட் உத்தரத்தில் கொக்கி போடச் சொல்லுங்கள்.

துணைச் சாமான்களில் கடற்கரைக்கு அவசியமானது கொசுவலை ஒன்றுதான். ஊஞ்சலுக்கு மேலே ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிட்டு, அடியிலும் சுற்றி மூடுகிற மாதிரி தைத்திருக்க வேண்டும். கொசு கீழிருந்தும் கடிக்கும். வலை ஊஞ்சலாக இருந்தால் முதுகுக்கு ஒரு பழைய போர்வை விரித்துக்கொள்ளலாம். மழைக்குத் தார்ப்பாய் என்று கடைக்காரர் சொல்வார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் வராமல் இருந்தால் அந்தக் காசு மிச்சம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் வரை மழை கொட்டியது. அதற்கு எந்தத் தார்ப்பாய் காணும்?

இன்னொன்று. "தீவில் போய் ஒரு ராத்திரி தங்கலாமே" என்று இளவட்டங்கள் ஆசைப்படும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே விலாங்குசல்லித் தீவு மூழ்கிவிட்டது. வான் தீவும் சுருங்கிவிட்டது. முயல் தீவுக்குச் சாலை இருக்கிறது. பகலில் போய், சாப்பிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் வலை ஊஞ்சலை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி உப்பைப் போக்க வேண்டும். கொக்கிகளையும் கழுவித் துடையுங்கள். வெயிலில் காயப்போட்டால் நைலான் நாளாவட்டத்தில் இற்றுவிடும், நிழலில் போடுங்கள். மடிக்கும்போது ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்து, நூல் பிசிறியிருந்தால் அந்த வருஷமே மாற்றிவிடுங்கள். எலி தொடாத தகரப் பெட்டியில் வையுங்கள்.