பச்சோந்திக்கு எந்தக் கிளை? பெரம்பலூரில் இருந்து அரியலூர் வரை ஒரு வேலிப் பயணம்

திருச்சியில் இருந்து சென்னை போகும் நான்கு வழிச் சாலையில் பாடாலூர் வந்தாலே பெரம்பலூர் மாவட்டம்தான். பேருந்து ஜன்னலில் முதலில் கண்ணில் படுவது சாலை நடுவே வரிசையாகப் பூத்து நிற்கும் அரளி. வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. ஆனால், இலை, பூ, கிளை, வேர் எல்லாமே விஷம். பச்சோந்தி வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் வைக்கவே கூடாத செடிகள் என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் அரளிக்கு நிச்சயம் இடம் உண்டு.

பச்சோந்தியை வளர்ப்பார்களா என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்க்கிறார்கள். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. ஏமன், மடகாஸ்கர் இனங்களைத்தான் அங்கே கூண்டில் வளர்க்கிறார்கள். இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு இனம். இலங்கையிலும் பாகிஸ்தானிலும்கூட அதே இனம்தான். நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடிப்பதோ வளர்ப்பதோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கூண்டில் வளர்ப்பவர்கள் ஒரு கிளைக்காகப் படும் பாட்டைத் தெரிந்துகொண்டு இந்தப் பகுதியைச் சுற்றினால், பெரம்பலூரின் பழைய வேலிகளே வேறு மாதிரித் தெரியும்.

அவர்கள் முதலில் பார்ப்பது கிளை எங்கே இருந்து வந்தது என்பதை. பூச்சி மருந்து அடித்த தோட்டத்துக் கிளை கூடாது. சாலையோரப் புகை படிந்தது கூடாது. பால் வடியும் மரம், பிசின் ஒழுகும் மரம் கூடாது. பிறகு அதைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கிறார்கள். சிலர் அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். கிளைக்குள் ஒளிந்திருக்கும் வண்டும் புழுவும் சாக வேண்டும் அல்லவா? கூரான முனைகளை நறுக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது கனம். பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி. முன்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு விரல். பின்காலில் அது அப்படியே தலைகீழ். இந்தப் பாதத்தால் ஒரு குச்சியைச் சுற்றிப் பிடிக்க முடியும். தட்டையான தரையில் அதற்குப் பிடிமானம் இல்லை. அதனால்தான் தரையில் நடக்கும்போது அப்படித் தள்ளாடுகிறது. கூண்டில் பென்சில் கனத்தில் சில, கட்டைவிரல் கனத்தில் சில என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எல்லாக் கிளையும் ஒரே கனமாக இருந்தால் பாதம் எப்போதும் ஒரே மாதிரியே மடங்கி இருக்கும். சில கிளைகள் படுக்கையாக, சில சாய்வாக, ஆட்டினால் விழாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெயில் காய ஓர் உச்சி, ஒளிந்துகொள்ள இலை மறைவு, குடிக்க இலை மேல் தண்ணீர்த் துளி. பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் சீண்டாது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையை விட்டு விலகி ஏதாவது ஒரு கிராமத்து வண்டிப்பாதையில் நடந்து பாருங்கள். கிளுவை வேலி இன்னும் மிச்சம் இருக்கும் பாதையாக இருந்தால் நல்லது. கிளுவையின் தண்டு பச்சையாக, வழுவழுப்பாக, மேல்பட்டை மெல்லிய தாள்போல உரிந்து நிற்கும். விரல் கனத்தில் இருந்து மணிக்கட்டுக் கனம் வரை எல்லா அளவிலும் கிளைகள், ஒன்றுக்குள் ஒன்று பின்னி இருக்கும். கோடையில் இலை உதிர்ந்தாலும் மேலே படர்ந்த கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் கொஞ்சம் நிழல் தரும். இடையில் ஒரு நொச்சி, ஒரு ஆடாதோடை, தானாக முளைத்த வேம்பு, இலந்தை. முள் இருக்கிறதே என்றால், அந்த முள்தான் பருந்துக்கும் பூனைக்கும் தடை. கூண்டுக்காரர் நறுக்கி எறிவதை வேலி காவலுக்கு வைத்திருக்கிறது. வெட்டுக்கிளி, ஈ, வண்டு என்று சாப்பாடும் அங்கேயே.

'வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை' என்று சொல்கிறோமே, அந்தப் பழமொழிகூட ஓணானுக்கு வேலியைத்தான் விலாசமாகக் கொடுக்கிறது. பச்சோந்திக்கும் அதே விலாசம்தான். ஓணான் வேகமாக ஓடிவிடும், கண்ணில் பட்டுவிடும். பச்சோந்தி ஓடாது. ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, காற்றில் அசையும் இலைபோல மெதுவாக நகரும். பக்கத்திலேயே இருந்தாலும் பகலில் கண்டுபிடிப்பது கடினம். இரவில் கிளை நுனிக்குப் போய் உறங்கும்போது அதன் உடல் வெளிறிப் போகும். டார்ச் ஒளியில் பளிச்சென்று தெரியும்.

நிறம் மாறுவதற்காகவே அதற்குக் கெட்ட பெயர். கட்சி மாறும் அரசியல்வாதி என்றால் உடனே பச்சோந்தி என்கிறோம். அது வாக்குத் தவறியதாக யாரும் பார்த்ததில்லை! ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்து 2015ல் காரணத்தைச் சொன்னார்கள். தோல் செல்களுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி கூடிக் குறையும்போது, தோல் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. பயம், கோபம், வெயில், குளிர் எல்லாம் அதில் தெரியும். அதற்கு விஷம் கிடையாது. கிராமங்களில் இன்றும் அதைக் கண்டால் கல்லை எடுக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

பெரம்பலூரின் கரிசல் பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் முக்கியம். பருத்திக்கு மருந்து அடிப்பது பழைய கதை. மக்காச்சோளம் அப்படி இல்லை. 2018ல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டே பெரம்பலூர் விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். அதன்பின் சோளக் காட்டுக்கும் மருந்து போக ஆரம்பித்தது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கி விதைத்தவர் அவர். ஆனால், வரப்போர வேலியில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தி தின்பது அந்தக் காட்டுப் பூச்சிகளைத்தான். மருந்து அடித்த தோட்டத்துக் கிளை வேண்டாம் என்று கூண்டுக்காரர் ஒதுங்கலாம். வேலியில் இருப்பது எங்கே ஒதுங்கும்?

வேலியும் குறைந்துகொண்டே வருகிறது. நிலம் கை மாறினால் முதல் வேலை, பொக்லைன் வைத்துக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுப்பது. கம்பியில் நிழல் இல்லை, பூச்சி இல்லை, பாதம் பற்றிக்கொள்ளத் தகுந்த கனமும் இல்லை. ஒரு மரத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பச்சோந்தி தரையில் இறங்கியாக வேண்டும். அதுதான் அதற்கு மிக ஆபத்தான இடம். முட்டையிடப் பெண் பச்சோந்தி எப்படியும் ஒருமுறை இறங்கி மண்ணைத் தோண்டுகிறது. கம்பி வேலி எல்லாப் பச்சோந்தியையும் அடிக்கடி இறக்குகிறது.

ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. 1940ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. சுற்றுலா வருபவர்கள் தவறாமல் பார்க்கும் இடம். அந்த மரத்தைச் சுற்றி வேலி போட்டுக் காக்கிறோம், சரியானதுதான். அங்கே போய்வரும் வழியில் உயிரோடு நிற்கும் வேலிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

அரியலூர்ப் பக்கம் மண்ணே மாறுகிறது. பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல், அதைத் தோண்டும் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், லாரிகள். லாரி ஓடும் சாலையோர இலைகள் வெள்ளையாகத் தூசி பூத்து நிற்கும். மழை வந்தால்தான் கழுவப்படும். இன்னும் கிழக்கே செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும். கரைவெட்டி ஏரி 1999ல் பறவைகள் சரணாலயமானது, 2024ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளுக்கு ஏரி கிடைத்துவிட்டது. வேலிக்கு அப்படிப் பட்டியல் எதுவும் கிடையாது, அதற்கு உரிமையாளர்தான் சரணாலயம்.

இந்தச் சாலைகளில் வண்டியில் போகும்போது தள்ளாடியபடி ஒரு பச்சோந்தி குறுக்கே வந்தால், பின்னால் வாகனம் வரவில்லை என்று பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். கையால் தூக்க வேண்டாம், வாலைப் பிடிக்கவே வேண்டாம். கட்டைவிரல் கனத்தில் இரண்டடி நீளக் குச்சி ஒன்று போதும். வேம்பு, புங்கன், நொச்சி எதுவானாலும் சரி. அரளி, எருக்கு, கள்ளி வேண்டாம். குச்சியை அதன் முன்காலுக்கு எதிரே, தரையோடு ஒட்டி நீட்டினால் தானாகவே பற்றி ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் குச்சியைச் சாய்த்து வையுங்கள். இறங்கிப் போக நேரம் கொடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சொந்த நிலம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கிளுவைக்கு விதை தேட வேண்டாம், நாற்றும் வேண்டாம். பழைய வேலியில் இருந்து முற்றிய போத்துகளை வெட்டி, மழைக்காலத்தில் அரையடிக்கு ஒன்றாக ஊன்றினால் துளிர்த்துவிடும். முழு வேலியும் முடியாது என்றால், கம்பி வேலி ஓரமாகவே ஒரு வரிசை ஊன்றலாம். முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், கோவைக்கொடி தானாகவே வந்து ஏறிக்கொள்ளும்.